நெட் சரியாகத்தான் இருந்தது

1

இந்த வாரத்தோடு நான் சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மலேசியாவில் என் ஊரான தைப்பிங்கிலிருந்து அழைத்துப் பேசுகிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அங்க பழகிடுச்சா?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். "பழகிடுச்சு." எது பழகியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

முதல் நான்கு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், குடிதண்ணீர் லாரி, எதிர்வீட்டுக்காரர்கள். சொல்ல வேண்டியது கடைசி ஆண்டைப் பற்றித்தான். நாற்பது வயதில் நான் மறுபடி மாணவியானேன். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இயங்கும் தொலைநிலைக் கல்வி மையத்தில், சனி ஞாயிறுகளில் பி.சி.ஏ. படிப்பு. முதல் பருவத்திலேயே 'டேட்டா கம்யூனிகேஷன் அண்ட் நெட்வொர்க்ஸ்' என்று ஒரு பாடம். அந்தப் பாடம்தான் என்னைப் படுத்தியது.

முதல் வகுப்பிலேயே ஆரம்பித்துவிட்டது. பாடம் எடுத்த பரத் சாருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும்.

"மேடம், நெட்வொர்க்னா என்னன்னு உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க."

எழுந்து நின்றேன். "தரவுகளைப் பரிமாறிக்கொள்ள ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட கணினிகளின் அமைப்பு. வலையமைப்பு" என்றேன்.

வகுப்பே சிரித்தது. கேலி என்றும் சொல்ல முடியாது. எதிர்பாராமல் கோயில் மணி அடித்தால் திரும்பிப் பார்ப்பார்களே, அப்படி. நம் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் கணினியைக் கணினி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே அப்படிச் சொன்னால் மேடையேறிப் பேசுகிறோம் என்று நினைக்கிறார்கள்.

பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைத் தொட்டாள். பெயர் ஸ்டெல்லா. சேலையூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறவள். பட்டம் வாங்கினால் மேனேஜர் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

"இன்னாக்கா, டிவில நியூஸ் வாசிக்கிற மாறி பேசற? எந்த ஊரு நீ?"

"மலேசியா."

"மலேசியாவுல இவ்ளோ தமிழ் கீதா?"

இருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இடம் பிடித்து வைத்தாள்.

2

நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்பதை, என் வலைப்பதிவைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் செல்வம் மேற்குத் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர். வேலைக்காகத் தைப்பிங் வந்தார், என்னைக் கல்யாணம் செய்துகொண்டார், எங்களுக்குக் கவின் பிறந்தான். கவினுக்கு ஏழு வயதானபோது மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனது. செல்வம் ஒரே பிள்ளை. "இனிமே நம்ம ஊர்லயே இருந்துடலாம் புவனா" என்றார். மூவரும் வந்தோம். மாமா அடுத்த ஆண்டே போய்விட்டார். நாங்கள் ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு எடுத்த வீடும் கவினின் பள்ளிக்கூடமும் அப்படியே நின்றுவிட்டன.

செல்வத்துக்கு இங்கே வேலை அமையவில்லை. ஏறி இறங்கிய இடமெல்லாம் வயதைக் கேட்டார்கள். கடைசியில் பினாங்கிலிருந்து பழைய முதலாளி கூப்பிட்டார். "ஒரே ஒரு வருஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது மூன்றாகிவிட்டது.

ஆக, அவருடைய ஊரில் நான் இருந்தேன். என்னுடைய நாட்டில் அவர் இருந்தார். இதை யாருக்கு விளக்கினாலும் நடுவில் எனக்கே நூல் அறுந்துவிடும்.

வெளிநாட்டவருக்கான அலுவலகத்தில் இதை ஒருமுறை விளக்கினேன். இங்கே நான் வேலைக்குச் சேர வேண்டுமானால் அவர்கள் தரும் ஓர் அட்டை தேவை. கவுண்டரில் இருந்த அம்மா என் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, புரட்டினார்.

"ஹஸ்பண்ட் எங்கம்மா? அவர் நேர்ல வந்து சைன் பண்ணணும்."

"மலேசியாவுல இருக்காரு."

"நீங்கதானே மலேசியா?"

"ஆமா."

"அவர் இந்தியாவா?"

"ஆமா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் ஏம்மா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இருக்கீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் என் பதிலுக்காகக் காத்திருந்ததுபோல் இருந்தது. கடப்பிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

3

சரி, எதற்கு இந்தப் படிப்பு?

எங்கள் குடியிருப்பில் முதல் மாடியில் இருக்கும் ரேவதி நாவலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். இணைய இணைப்பு கெட்டுப்போனவர்கள் கூப்பிட்டால் சரிசெய்ய வழி சொல்லும் அலுவலகம். அவர்களுக்கு மலேசிய வாடிக்கையாளர்களும் உண்டு. மலாய் பேசத் தெரிந்தவர்கள் சென்னையில் எத்தனை பேர் கிடைப்பார்கள்? என்னைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்தார். மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பேசவிட்டுப் பார்த்தார்கள். பிடித்துப்போயிற்று. ஆனால் நெட்வொர்க் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பாடத்தில் ஒரு தேர்வை முடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள்.

எனக்கு வேலை கிடைத்தால் செல்வம் பயமில்லாமல் திரும்பி வரலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அவரிடமும் சொன்னேன். "நல்லதுதான்லா, படி" என்றார், மலேசிய 'லா'வோடு. அவ்வளவுதான் சொன்னார் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பாடம் புரியவேயில்லை. ஒரு செய்தி ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஏழு அடுக்குகள் இறங்கி, அந்தப் பக்கம் ஏழு அடுக்குகள் ஏற வேண்டுமாம். ஸ்டெல்லா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏழு மாடி கட்டிட்டு லிஃப்ட் வைக்காம உட்டானுங்களே." ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இரண்டு முகவரிகள் என்று வேறு சொன்னார் பரத் சார்.

"ஒண்ணு போதாதா சார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு ஃபேக்டரில குடுக்கறது மேடம், மாறாது. இன்னொண்ணு எந்த நெட்வொர்க்ல போய்ச் சேருதோ அங்க குடுக்கறது. ரெண்டும் வேணும்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று தெரியும். நீங்களும் அதையே நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்கு அது பரீட்சைக்கு வரும் ஐந்து மதிப்பெண் கேள்வி மட்டும்தான்.

4

கவினுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வந்த புதிதில் "பசியாறிட்டேன்" என்று சொல்லி வகுப்பில் கேலி வாங்கிக்கொண்டு அழுதபடி வந்தவன், இன்றைக்கு "டிபன் துன்ட்டேன்" என்கிறான். மலாயில் பத்துச் சொல் நினைவிருந்தால் அதிகம். அப்பா மலாயில் ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறான்.

நாள்தோறும் மாலை ஏழு மணிவாக்கில் செல்வம் காணொலியில் அழைப்பார். அங்கே மணி ஒன்பதரை. அந்த அழைப்பில் கவின் பேசும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒருநாள் சார் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். கணினியிலிருந்து பிங் என்ற ஒரு கட்டளையைக் கொடுத்தால், தூரத்தில் இருக்கும் ஒரு கணினிக்குச் சிறு செய்தி போய், பதில் வரும். அனுப்பியதில் எத்தனை திரும்பி வந்தது, எத்தனை வழியில் தொலைந்தது என்று திரையில் காட்டும். இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இதுதான் முதல் வழி. கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குறித்து வரச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து ஓடவிட்டிருந்தேன். அப்போது செல்வத்தின் அழைப்பு வந்தது. கைப்பேசியைக் கவினிடம் கொடுத்தேன்.

"கவின், ஸ்கூல்ல என்னா நடத்துனாங்க?"

"பா... பா... விட்டு விட்டு வருதுப்பா. நெட்டு சரியில்ல. அப்பறம் பேசலாம்."

கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டுப் போனான்.

நான் திரையைப் பார்த்தேன். வரிசையாகப் பதில்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை. கைப்பேசியும் அதே இணைப்பில்தான் இருந்தது. செல்வத்தின் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது.

"என்னா லைனோ உங்க ஊர்ல" என்று அவர் சிரித்தார்.

அழைப்பு முடிந்த பிறகு கவினிடம் போனேன்.

"நெட் நல்லாத்தானே இருந்துச்சு?"

அவன் பொய்யைத் தொடரவில்லை. கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். "அவர்ட்ட இன்னா பேசறதும்மா? தெனமும் இன்னா நடத்துனாங்க, இன்னா சாப்ட்டன்னு கேக்கறாரு. அவரு அங்கதான இருக்கப் போறாரு."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்?"

அன்றிலிருந்து எனக்கு ஒரு புதுக் குழப்பம். செல்வத்தோடு பேசும்போது என் காது வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. சம்பளம், முதலாளி, நண்பர் வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசுவார். "எப்ப வர்றீங்க?" என்று நான் கேட்கும் இடம் வந்தால் மட்டும், "அல்லோ? அல்லோ? கேக்கல புவனா" என்பார். முன்பெல்லாம் நான் மொட்டைமாடிக்கு ஓடுவேன். வைஃபை பெட்டியை அணைத்துப் போடுவேன். எத்தனை மாதங்கள் அந்தப் பெட்டியைத் திட்டியிருக்கிறேன்!

5

செய்முறைத் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். அதே வாரத்தில், செல்வம் மலேசியாவில் தங்குவதற்கான வாழ்க்கைத்துணை அனுமதியும் காலாவதியாக இருந்தது. அதைப் புதுப்பிக்க, மலேசியக் குடிமகளான நான் நேரில் போய் அந்த ஊர்க் கவுண்டரில் நிற்க வேண்டும். இங்கே என் அட்டைக்கு அவர் வந்து நிற்க வேண்டும். இரண்டு நாடுகளும் எங்களைச் சேர்ந்து நிற்கச் சொல்லின. எந்த நாட்டில் என்பதில்தான் அவற்றுக்குள் ஒத்துவரவில்லை.

"நீ வந்துடு புவனா. கவினையும் கூட்டிக்கிட்டு வா" என்றார் செல்வம்.

"எனக்குப் பரீட்சை இருக்கு."

"அடுத்த தடவ எழுதிக்கலாம்லா."

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றபோது ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுடைய வண்டி கடற்கரைப் பக்கம் போவது. வந்தும் அவள் ஏறவில்லை.

"எல்லாம் சொன்ன. அவரு இன்னா சொன்னாரு, புள்ள இன்னா சொன்னான், ஆபீஸ்ல இன்னா சொன்னாங்க. உனுக்கு இன்னா வோணும்? அத்த சொல்லவே இல்லியேக்கா."

தைப்பிங்குக்குப் போக வேண்டும்போல் இருந்தது. பரீட்சை எழுத வேண்டும்போல் இருந்தது. இரண்டும் ஒரே அளவு உண்மை.

"பரீட்சை எழுதணும்" என்றேன் கடைசியில். அதைச் சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

மறுநாள் மாலை செல்வம் அழைத்ததும் சொல்லிவிட்டேன். "நான் வரல. நீங்க வாங்க. இங்க வந்து கையெழுத்துப் போடுங்க. அட்ட கெடச்சா எனக்கு வேலை. நீங்க நிதானமா இங்க தேடலாம்."

"அல்லோ? புவனா? கேக்கல."

"கேக்குது."

"அல்லோ?"

"கேக்குதுங்க. உங்களுக்கு நல்லாவே கேக்குது. நெட் சரியாத்தான் இருக்கு. நான் அதைத்தான் படிச்சிக்கிட்டு இருக்கேன்."

திரையில் அவர் முகம் அசையாமல் இருந்தது. ஒரு நொடி உண்மையாகவே உறைந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு கண் சிமிட்டினார்.

"சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க" என்றார். "நாலு மாசம் ஆச்சி. சொல்லல."

"ஏன்?"

"சொன்னா நீ சந்தோசப்படுவ. அப்பறம் எப்ப வர்றீங்கன்னு கேப்ப." தொண்டையைச் செருமினார். "இங்க நான் போனா பத்துப் பேரு செல்வம் அண்ணேன்னு எந்திரிக்கிறான். தாம்பரத்துல எனக்கு யார தெரியும்? ஸ்கூல் சேக்காளிங்க எல்லாம் எங்கியோ போயிட்டானுங்க. இந்த வயசுல இன்டர்வியூக்குப் போயி ஒக்காந்தா சின்னப் பசங்க சிரிக்கிறானுங்க. அது என் ஊரு புவனா. ஆனா அங்க வந்தா நான் யாருன்னு எனக்கே தெரியல."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவர் சொன்னது அத்தனையும் ஐந்து ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. அவர் என்னுடையதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஊரைப் பற்றி.

"எனக்கும் அப்படித்தாங்க" என்றேன். "என்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாம்."

"நீ நல்லா இருக்கன்னு நெனச்சேன். பழகிடுச்சுன்னுதான எல்லார்கிட்டயும் சொல்ற."

6

செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது கேபிள். எட்டு நிறக் கம்பிகளை வரிசை மாறாமல் அடுக்கி, விரலளவு பிளாஸ்டிக் முனைக்குள் நுழைத்து, ஒரு கருவியால் அழுத்த வேண்டும். பிறகு சோதிக்கும் பெட்டியில் மாட்டினால் எட்டு விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரிய வேண்டும். எனக்கு ஆறு எரிந்தன. ஏழாவது எரியவில்லை. எட்டாவது எரிந்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிங் பண்றீங்க, பதில் வரல. என்ன பண்ணுவீங்க?"

எனக்கு ஆங்கிலம் மறந்துவிட்டது. தமிழில்தான் வந்தது. "முதல்ல என்னோட கணினி சரியா இருக்கான்னு பார்ப்பேன் ஐயா. அப்புறம் என்னோட கம்பி. அப்புறம் எங்க வீட்டுக்கு வாசல் மாதிரி இருக்கிற கருவி. அதெல்லாம் சரியா இருந்தாத்தான் எதிராளிகிட்ட கோளாறான்னு யோசிப்பேன்."

"நீங்க சிலோனா?"

"மலேசியா ஐயா."

"ஐயாவா!" என்று சிரித்தார். "நல்லாச் சொன்னீங்க. ஏழாவது கம்பிய மாத்தி அடிச்சிட்டுப் போங்க."

தேறிவிட்டேன். மதிப்பெண் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஸ்டெல்லா என்னைவிட அதிகம் வாங்கி, ஸ்டேஷன் வாசலில் எனக்கு முலாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள்.

7

செல்வம் வந்தார். அனுமதி காலாவதியாவதற்கு முந்தின நாள், ஒரே பெட்டியோடு வந்தார். மூன்று மாதம் வரை வேலையைப் பிடித்து வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். பெட்டி பெரிதாக இல்லாததைக் கவின் கவனித்தான். நானும்தான்.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இருவருமாகப் போனோம். கவுண்டரில் அதே அம்மா. எங்களை மாறி மாறிப் பார்த்தார். "வந்துட்டாரா?" என்றார் என்னிடம், ஏதோ உறவுக்காரர் மாதிரி. செல்வம் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேற்குத் தாம்பரத்தில் பிறந்த மனிதர், சாலையைக் கடக்கப் பயந்து என் கையைப் பிடிக்கிறார். வாட்ச்மேனைப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்று கேட்கிறார், அவர் விழிக்கிறார். பேருந்தில் யாரோ இடித்துவிட்டுப் போனால், "நம்ம ஊர்ல இப்படியெல்லாம் பண்ணமாட்டாங்க" என்கிறார். கவின் முதலில் வாய்க்குள் சிரித்தான். பிறகு மொழிபெயர்த்து உதவத் தொடங்கினான். "பா, அப்டி கேக்கக்கூடாது, துன்ட்டியா அண்ணான்னு கேளு." அப்பனும் மகனும் கடைக்குப் போனால் திரும்பி வர நேரமானது. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செல்வம் சாதாரணமாகக் கேட்டார். "ஊருக்கு எப்ப போறோம்?"

கவின் நிமிர்ந்தான். "எந்த ஊருக்குப்பா?"

செல்வம் தைப்பிங்கைத்தான் சொன்னார். அது எங்கள் மூவருக்கும் தெரிந்தது. அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்தது. திரும்பிப் போகவில்லை என்று அவர் யாரிடமும் அறிவிக்கவில்லை. முதலாளியிடம் என்ன சொன்னார் என்றும் எனக்குத் தெரியாது. பெருங்களத்தூரில் கண்காணிப்பு கேமரா மாட்டும் ஓர் ஆளோடு சேர்ந்து வேலைக்குப் போகிறார். போன வாரம் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கி வந்து நிறுத்தினார். அதை முடிவு என்று எடுத்துக்கொள்ளலாமா? நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில காலைகளில் அவர் பால்கனியில் நின்று பினாங்கு வானிலையைக் கைப்பேசியில் பார்ப்பதைப் பார்த்தால் மறுபடி சந்தேகம் வருகிறது. நானும் தைப்பிங் மழையைப் பார்ப்பதுண்டு, அவர் குளிக்கப் போன பிறகு.

8

அட்டை வந்துவிட்டது. நாவலூர் வேலையில் சேர்ந்துவிட்டேன். வண்டலூர் வழியாக அலுவலக வண்டி போகிறது. ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் யாரும் என்னோடு பேசுவதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பயிற்சி முடிந்து தனியாக எடுத்த முதல் அழைப்பு ஈப்போவிலிருந்து வந்தது. ஒரு வயதான அம்மா, மலாயில் ஆரம்பித்தார். வீட்டில் இணையம் வரவில்லை, பேத்தியோடு பேச வேண்டும், பெட்டியில் சிவப்பு விளக்கு. நானும் மலாயில் பதில் சொன்னேன். கம்பியைக் கழற்றி மாட்டச் சொன்னேன். நடுவில் அவர் யாரையோ பார்த்து, "ஏய், அந்தப் பிளக்கை நல்லா அழுத்துடா" என்று தமிழில் அதட்டினார். எனக்குத் தாங்கவில்லை.

"தமிழ்லயே பேசலாம்மா" என்றேன்.

"அட, நம்ம பிள்ளையா நீ!" அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சிவப்பு விளக்கு பச்சையானது. அவர் அழைப்பை வைக்கவில்லை.

"நல்லா இரும்மா. எங்க இருந்து பேசற?"

இடத்தைச் சொல்லத் தேவையில்லை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொல்லக்கூடாது என்று சொன்னார்களா என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"தாம்பரம் பக்கம்மா."

"தாம்பரமா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "அது எங்க இருக்கு, தம்பின் தாண்டியா? என் தங்கச்சி அந்தப் பக்கந்தான் இருக்கா."

கண்ணாடிச் சுவருக்கு வெளியே பழைய மகாபலிபுரம் சாலையில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. தம்பின், மலேசியாவில் தெற்கே இருக்கும் ஊர். திருத்திச் சொல்ல நினைத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஆமாம்மா," என்றேன். "பக்கம்தான்."